கொலராடோவில் காட்டுத்தீ அணைக்கப் போக விரும்பும் தமிழர்களுக்கு: விண்ணப்பத்திலிருந்து ரெட் கார்டு வரை

2021 டிசம்பர் 30 அன்று மார்ஷல் தீ என்ற காட்டுத்தீ லூயிஸ்வில், சுப்பீரியர் ஊர்களுக்குள் புகுந்தது. காற்று மணிக்கு 100 மைலைத் தாண்டி அடித்த நாள் அது. ஒரே நாளில் 1,084 வீடுகள் போயின. அன்று சாயங்காலம் மேட்டில் நின்று புகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் செய்யத் தெரியவில்லை. அடுத்த வாரமே எங்கள் பகுதி தீயணைப்பு நிலையத்தில் போய்ச் சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்டேன். ஒழுங்காகச் செய்திருந்தால் எட்டு மாதத்தில் முடிந்திருக்கும் வேலை, எனக்கு இரண்டு வருடம் நாலு மாதம் ஆனது. பயிற்சி கடினமாக இருந்ததால் இல்லை. எதை எப்போது செய்ய வேண்டும், எந்தக் காகிதம் யாரிடம் போக வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

டென்வர், போல்டர் பக்கம் மலையடிவாரத்தில் குடியிருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது. வேறு மாநிலமாக இருந்தாலும் 3 முதல் 8 வரையிலான பகுதிகள் பெரும்பாலும் பொருந்தும், ஏனென்றால் வகுப்புகளும், காட்டுத்தீ வேலைக்குத் தகுதி உண்டு என்று காட்டும் ரெட் கார்டும் நாடு முழுக்க ஒரே விதிப்படி நடப்பவை.

1. உங்கள் வீடு எந்தத் துறைக்குக் கீழ் வருகிறது என்று பாருங்கள்

கொலராடோவில் நகரத்துக்கு வெளியே தீயணைப்பு வேலையைச் செய்வது பெரும்பாலும் 'ஃபயர் புரொடெக்‌ஷன் டிஸ்ட்ரிக்ட்' என்கிற தனி அமைப்புகள். உங்கள் சொத்து வரி நோட்டீஸில் அதற்கென்று ஒரு வரி இருக்கும், அதில் உள்ள பெயர்தான் உங்கள் துறை. மலைப்பகுதித் துறைகள் பலவற்றில் பாதிக்கு மேல் தன்னார்வலர்கள்தான்.

நேரில் போங்கள். மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். பயிற்சி இரவு என்று வாரத்தில் ஒருநாள் இருக்கும், அன்று போனால் எல்லோரையும் பார்க்கலாம். மூன்று கேள்விகளை அன்றே கேட்டுவிடுங்கள்: ஆள் எடுப்பது எந்த மாதம், ஸ்டேஷனிலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் குடியிருக்க வேண்டும், காட்டுத்தீக்கு வெளியூர் அனுப்புவார்களா. மூன்றாவது கேள்வியை நான் கேட்கவில்லை. சில துறைகள் தங்கள் எல்லைக்குள் வரும் அழைப்புகளோடு சரி.

முதல் கேள்வியில்தான் எனக்கு ஒரு வருடம் போனது. பல துறைகள் வருடத்துக்கு ஒருமுறைதான் ஆள் எடுக்கும், இலையுதிர் காலத்தில் விண்ணப்பம், ஜனவரியிலிருந்து வசந்தம் வரை பயிற்சி, மே மாதத்துக்குள் கார்டு என்று ஓடும். நான் ஜனவரியில் போய் நின்றேன்.

2. விசாவும் பெயரும்: நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இரண்டு இடங்கள்

முதலில் விசா. எச்-1பி-யில் இருப்பவர் ஸ்பான்சர் செய்த நிறுவனம் தவிர வேறு இடத்தில் தனி அனுமதி இல்லாமல் சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது, இது தெரிந்ததுதான். ஆனால் 'தன்னார்வலர்' என்று பெயர் இருந்தாலும் பல துறைகள் அழைப்புக்கு இவ்வளவு என்று ஒரு தொகை கொடுக்கின்றன. அதைவிட முக்கியம், வெளியூர்த் தீக்கு அனுப்பினால் அந்த நாட்களுக்கு மணிக்கணக்கில் ஊதியம் வரும். அது வேலைதான், விசாவுக்குச் சிக்கல்தான். ஆகவே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் போய், துறை என்னென்ன தருகிறது என்று எழுதி வாங்கிய காகிதத்தைக் காட்டிக் கேளுங்கள். 'காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதும்' என்று யாராவது சொன்னால் அதை நம்பி இறங்காதீர்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு உள்ளூர்த் துறையில் சேர இந்தத் தடை இல்லை. ஃபாரஸ்ட் சர்வீஸ் போன்ற மத்திய அரசுத் தீயணைப்பு வேலைக்கு மட்டும் குடியுரிமை வேண்டும்.

அடுத்தது பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக ஏறியிருக்கும், அல்லது கடைசிப் பெயர் காலியாக இருந்ததால் விசாவில் முதல் பெயரின் இடத்தில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அடித்திருப்பார்கள், ஓட்டுநர் உரிமத்தில் இன்னொரு விதமாக இருக்கும். என் விஷயத்தில் ஆன்லைன் வகுப்புச் சான்றிதழ்கள் ஒரு பெயரிலும், உரிமமும் துறைப் பதிவும் முன்பின் மாறிய பெயரிலும் இருந்தன. கார்டு தயாரிக்கும் கணினியில் அவை இரண்டு ஆட்களாக ஏறிவிட்டன. பாதி வகுப்புகளை ஒருவர் முடித்திருக்கிறார், மீதியை இன்னொருவர். அதைச் சரிசெய்வதற்குள் அந்தப் பருவமே முடிந்துவிட்டது.

ஓட்டுநர் உரிமத்தில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ, அப்படியே எல்லா இடத்திலும் போடுங்கள். இனிஷியல் சுருக்க வேண்டாம், கூப்பிடும் பெயர் வேண்டாம்.

விண்ணப்பத்தோடு பொதுவாகக் கேட்பவை: ஓட்டுநர் உரிமம், உங்கள் ஓட்டுநர் பதிவின் நகல், பின்னணிச் சோதனைக்கு ஒப்புதல், சில இடங்களில் கைரேகை, மருத்துவரின் தகுதிச் சான்று, சிபிஆர் கார்டு இருந்தால் அதுவும். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே கோப்புறையில் வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி அதிகாரி மாறுவார், அப்போது புதியவர் எல்லாவற்றையும் மறுபடி கேட்பார்.

ஒரு சின்ன விஷயம், யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. துறையில் வீட்டுத் தீக்கும் போக வேண்டியிருக்கும், அதற்குக் காற்று முகமூடி மாட்ட வேண்டும், முகமூடி ஒட்டும் இடத்தில் தாடி இருக்கக்கூடாது. சபரிமலைக்கு மாலை போட்டுத் தாடி வளர்ப்பவராக இருந்தால், அந்த வாரங்களில் எந்த வேலையிலிருந்து விலகியிருக்கலாம் என்று முன்பே பேசிவிடுங்கள்.

3. ஆன்லைன் வகுப்புகளை விண்ணப்பம் ஏற்கப்படும் முன்பே முடித்துவிடுங்கள்

காட்டுத்தீயில் அடிமட்டத் தகுதிக்குப் பெயர் 'ஃபயர்ஃபைட்டர் டைப் 2'. அதற்கு வேண்டிய வகுப்புகள் ஐந்து: ஐஎஸ்-100, ஐஎஸ்-700, எஸ்-190, எல்-180, எஸ்-130. கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் களப் பயிற்சி வேண்டும். மற்றவற்றை வீட்டில் உட்கார்ந்து முடிக்கலாம்.

ஐஎஸ்-100, ஐஎஸ்-700 இரண்டும் ஃபீமா (மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பு) தளத்தில் இலவசம். முதலில் ஃபீமா மாணவர் எண் வாங்க வேண்டும், அதுவும் இலவசம். முதலாவது இரண்டு மணி நேரம், இரண்டாவது மூன்றரை மணி நேரம் என்று போட்டிருப்பார்கள், தேர்வில் 75 சதவீதம் எடுக்க வேண்டும். சான்றிதழ் மின்னஞ்சலில் வரும், வந்த உடனே பதிவிறக்கி வையுங்கள். எண்ணை மறந்துவிட்டோம் என்று இரண்டாவது எண் வாங்காதீர்கள், பழையதை மீட்டெடுக்க வழி உண்டு. இரண்டு எண் இருந்தால் மேலே சொன்ன இரண்டு ஆட்கள் கதைதான்.

எஸ்-190 தீ எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பற்றியது: எரிபொருள், வானிலை, நிலத்தின் சரிவு. எல்-180 மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பது: களைப்பு, பயம், வாயைத் திறக்கத் தயக்கம். இதை ஒப்புக்கு முடித்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். எனக்கு ஐந்திலும் அதிகம் கைகொடுத்தது இதுதான், 7-ஆவது பகுதியில் சொல்கிறேன்.

4. களப் பயிற்சி

எஸ்-130-இல் வகுப்பறை பாதி, களம் பாதி. புலாஸ்கி, மெக்லவுட், மண்வெட்டி என்று கைக்கருவிகளைப் பிடித்து, புல்லையும் வேரையும் சருகையும் வழித்தெடுத்து வெறும் மண் தெரியும்வரை கோடு இழுக்கச் சொல்வார்கள். அதுதான் ஃபயர் லைன். காட்டுத்தீயில் தண்ணீர் கொஞ்சம்தான் கிடைக்கும், நிறைய நேரம் மண்ணைத்தான் நம்ப வேண்டும். நம்மில் தோட்ட வேலை, வயல் வேலை செய்து பழகியவர்களுக்கு இது சுலபமாக வந்துவிடுகிறது. மேசை வேலையில் பத்து வருடம் இருந்த எனக்கு முதல் நாளே உள்ளங்கை கொப்பளித்துவிட்டது, ஆகவே ஒரு மாதம் முன்பிருந்தே கையைப் பழக்குங்கள்.

ஃபயர் ஷெல்டர் விரித்துப் படுக்கும் பயிற்சியும் இதில்தான். அலுமினியத் தாள் ஒட்டிய சின்னக் கூடாரம் அது. தீயின் வெக்கையைத் திருப்பி அனுப்பும், ஆனால் தீ நாக்கு நேராகத் தொட்டுக்கொண்டே இருந்தால் தாங்காது. வேறு எந்த வழியும் இல்லாதபோது மட்டும் எடுப்பது. காற்று அடிக்கும் நாளில் பயிற்சி செய்யுங்கள் என்று கேட்டு வாங்குங்கள். மூடிய கூடத்தில் விரித்துப் பழகியவருக்குக் காற்றில் அது கையைவிட்டுப் பறக்கும்.

உங்கள் துறையே பயிற்சி நடத்தினால் கட்டணம் இருக்காது. வெளியே அகாடமியில் சேர்ந்தால் கட்டணமும் இரண்டு மூன்று நாள் தங்கும் செலவும் உண்டு, சில துறைகள் முடித்த பிறகு திருப்பித் தரும். முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும்.

5. பேக் டெஸ்ட்

45 பவுண்டு சுமையோடு, சமதளத்தில், 3 மைலை 45 நிமிடத்தில் நடந்து முடிக்க வேண்டும். கணக்கில் 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேல், கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டர். ஓடக்கூடாது, ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். உயரமான ஊர்களில் உயரத்துக்கு ஏற்பக் கொஞ்சம் நேரம் கூட்டித் தருவார்கள், அதை நம்பிப் பயிற்சியைக் குறைக்க வேண்டாம்.

கேட்கும்போது சுலபம் போலிருக்கும். மைலுக்கு 15 நிமிடம் என்பது சுமையில்லாமலே வேகநடை. நான் பயிற்சிக்கு இந்தியக் கடையில் வாங்கிய 20 பவுண்டு சோனா மசூரி மூட்டை இரண்டை ஒரு நல்ல முதுகுப்பையில் வைத்து, மேலே இரண்டேகால் லிட்டர் தண்ணீர் வைத்தேன், கணக்கு சரியாக 45 வரும். முதல் வாரம் ஒரு மூட்டை, மெதுவான நடை. எட்டு வாரம் ஒதுக்குங்கள். மூட்டை இடுப்பில் உட்கார வேண்டும், தோளில் தொங்கினால் இரண்டாவது மைலில் கை மரத்துப்போகும்.

இதற்கு முன் உடல்நலக் கேள்வித்தாள் ஒன்று தருவார்கள். உண்மையை எழுதுங்கள். இந்தத் தேர்வு நடக்கும்போதே மாரடைப்பில் இறந்தவர்கள் உண்டு, அந்தக் கேள்வித்தாளுக்குக் காரணமே அதுதான். நம்மவர்களுக்குச் சர்க்கரையும் இதய நோயும் சின்ன வயதிலேயே வருவது தெரிந்த விஷயம். 'ஆம்' என்று ஒன்றை டிக் செய்தால் மருத்துவரிடம் அனுப்புவார்கள், நேரம் கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம், ஆகவே தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்து வையுங்கள். நான் தேர்வுக்குப் பத்து நாள் முன்பு போனேன், இரத்த அழுத்தம் கொஞ்சம் அதிகம் என்று மறுபடி வரச் சொன்னார்கள், தேர்வு தேதி போய்விட்டது.

6. உடை, பூட்ஸ், செலவு

தீப்பிடிக்காத துணியில் தைத்த மஞ்சள் சட்டை, பேன்ட், ஹெல்மெட், கண்ணாடி, தோல் கையுறை, ஷெல்டர், முதுகுப்பை எல்லாம் துறை தரும், திருப்பித் தர வேண்டும். பூட்ஸ் மட்டும் பெரும்பாலும் உங்கள் செலவு. தோலில் செய்தது, குதிகாலின் அடியிலிருந்து மேல் விளிம்புவரை குறைந்தது 8 அங்குலம், நாடா கட்டுவது, சூட்டில் உருகாத பள்ளம்மேடான அடி. 300 முதல் 500 டாலர் வரை ஆகும். எனக்கு 380 ஆனது. வாங்கியதும் தீக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், தோல் இளக ஆறு வாரமாவது வேண்டும், வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போதுகூடப் போட்டுக்கொண்டு நில்லுங்கள்.

உள்ளாடை, சாக்ஸ் எதிலும் பாலியெஸ்டர் வேண்டாம், சூட்டில் உருகித் தோலோடு ஒட்டும். முழுப் பருத்தி அல்லது கம்பளி. ஊரிலிருந்து கொண்டுவந்த பருத்தி பனியன் நன்றாகவே உழைக்கிறது, லேபிளில் 100 சதவீதம் என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

7. தீக்களத்தில் யார் சொல்வதைக் கேட்பது

இதுதான் முக்கியம், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். ரெட் கார்டு கையில் வந்துவிட்டால் தீ அணைக்கத் தெரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு கட்டளை வரிசையில் உங்களை நம்பி ஓர் இடத்தில் நிறுத்தலாம் என்றுதான் அர்த்தம்.

பேஜர் அடித்ததும் ஸ்டேஷனுக்குப் போங்கள். தீ உங்கள் தெருவில் தெரிந்தாலும் சொந்தக் காரை எடுத்துக்கொண்டு நேராகப் போகாதீர்கள். நீங்கள் அங்கே இருக்கிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது, தெரியாத ஆளை யாரும் தேடமாட்டார்கள்.

முதலில் போய்ச் சேரும் என்ஜினின் (தீயணைப்பு வண்டியின்) கேப்டன் வண்டியை விட்டு இறங்கும் முன்பே ரேடியோவில் நிலவரம் சொல்வார். ஏறக்குறைய இப்படி இருக்கும்: "டிஸ்பாட்ச், என்ஜின் 3. காய்ந்த புல், இரண்டு ஏக்கர், மேற்குக் காற்று, மேட்டில் நிதானமாக ஏறுகிறது, கால் மைலில் மூன்று வீடுகள். இன்னும் இரண்டு பிரஷ் டிரக், ஒரு வாட்டர் டெண்டர் வேண்டும். கமாண்ட் என்னிடம்." பிரஷ் டிரக் என்பது புல், புதர்த் தீக்கான சின்ன வண்டி, வாட்டர் டெண்டர் தண்ணீர் லாரி. அருகில் உள்ள சாலை, ஓடை, மலை ஏதாவது ஒன்றின் பெயரைத் தீக்கு வைப்பார்கள். அந்த நொடியிலிருந்து அவர்தான் இன்சிடென்ட் கமாண்டர், எல்லோரும் ஐ.சி. என்பார்கள். அவருக்குப் பிறகு பெரிய பதவிக்காரர் வந்தாலும் கட்டளை தானாகக் கைமாறாது. வந்தவர் நிலவரம் கேட்டு, இருவரும் முடிந்தால் நேருக்கு நேர் பேசி, மாறினால் மாறியது என்று ரேடியோவில் அறிவிக்க வேண்டும். அறிவிப்பு காதில் விழாதவரை பழையவர்தான் ஐ.சி.

தீயின் சிக்கலைப் பொறுத்து ஐ.சி.க்கும் வகைகள் உண்டு. டைப் 5 என்பது ஓரிரு வண்டிகளோடு சில மணி நேரத்தில் முடிவது, எழுதிய திட்டம் எதுவும் இருக்காது. எண் குறையக் குறையத் தீ பெரிது. டைப் 3 வந்தால் தளவாடத்துக்கு ஒருவர், திட்டத்துக்கு ஒருவர் என்று பொறுப்புகள் பிரிய ஆரம்பிக்கும். அதற்கும் மேலே வெளியிலிருந்து முழுக் குழு வரும். 2024 முதல் டைப் 1, டைப் 2 என்று தனித்தனியாக இருந்த குழுக்கள் ஒன்றாகி 'காம்ப்ளெக்ஸ்' குழு என்று ஆகிவிட்டன, பழைய ஆட்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்வார்கள், குழம்ப வேண்டாம்.

கொலராடோவில் இன்னொரு விஷயம்: நகர எல்லைக்கு வெளியே தீ உங்கள் துறையின் கைமீறிப் போனால் பொறுப்பு கவுன்ட்டி ஷெரீஃபுக்குப் போகும், அவர் மாநிலத்தின் உதவியைக் கேட்பார். தேசியக் காட்டு நிலத்தையும் தொட்டுவிட்டால் ஃபாரஸ்ட் சர்வீஸும் சேர்ந்து கூட்டுக் கமாண்ட் நடக்கும். துப்பாக்கி வைத்த ஷெரீஃப் ஆட்கள் தீயணைப்புக் கூட்டத்தில் எதற்கு நிற்கிறார்கள் என்று முதல்முறை எனக்குப் புரியவில்லை. நிலம் யாருடையதோ, பொறுப்பும் செலவும் அவர்களைச் சேர்ந்தது.

இதெல்லாம் மேலே. உங்களுக்குத் தெரிய வேண்டியது, உங்கள் மேலாளர் ஒரே ஒருவர் என்பது. ஒருவருக்குக் கீழே மூன்று முதல் ஏழு பேர்தான், அதற்கு மேல் போனால் பிரித்துவிடுவார்கள். என் இரண்டாவது அழைப்பில் கேப்டன் என்னை ஒரு வேலியருகே நிறுத்தி, பொறி பறந்து வந்து விழுகிறதா என்று பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து ஊர்த் துறையிலிருந்து வந்த ஓர் அதிகாரி, மூத்தவர், என்னைப் பார்த்து "இந்த ஹோஸைச் சாலைவரை இழு" என்றார். இழுத்துக்கொண்டு போய்விட்டேன். பதினோரு நிமிடம் என் கேப்டன் என்னைக் காணாமல் ரேடியோவில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்கவில்லை. தீயை விட்டுவிட்டு இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள். அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அவர்கள் முகம் இன்னும் மறக்கவில்லை. வேறு ஒருவர் கட்டளையிட்டால் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "நான் இன்னாருக்குக் கீழே இருக்கிறேன், அவரிடம் கேட்டுவிட்டு வருகிறேன்." யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ரேடியோவில் முதலில் நீங்கள் கூப்பிடுகிற ஆளின் பெயர், அப்புறம் உங்கள் பெயர். சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள். நம் உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்பட்டு வேகமாகப் பேசத் தேவையில்லை, மெதுவாகப் பேசினால் எல்லோருக்கும் புரிகிறது. புரியாவிட்டால் மறுபடி கேட்பார்கள்.

வேலை தொடங்கும் முன் உங்களுக்கு நான்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தீயைப் பார்த்துக்கொண்டிருப்பவர் யார், எந்தச் சேனலில் பேசுவது, தப்பிக்கும் வழி எது, போய்ச் சேர வேண்டிய பாதுகாப்பான இடம் எது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து எல்சிஇஎஸ் என்பார்கள். தப்பிக்கும் வழியை ஒருமுறை நடந்து பாருங்கள், எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தில் பாருங்கள். ஏற்கெனவே எரிந்து கருகிய இடம்தான் பல நேரம் நல்ல புகலிடம், அதை 'பிளாக்' என்பார்கள், மர உச்சிகளில் பச்சை மிச்சமிருந்தால் அது முழு பிளாக் இல்லை. கோடு போடுவதும் சாலை, பாறை, பிளாக் போன்ற தீ சுற்றி வரமுடியாத ஓர் இடத்திலிருந்துதான் தொடங்கும்.

இவற்றோடு பத்துக் கட்டளைகள், பதினெட்டு எச்சரிக்கைகள் என்று ஒரு பட்டியல் சட்டைப்பை அளவுக் கையேட்டில் இருக்கும். அவை ஒவ்வொன்றும் யாரோ இறந்ததால் எழுதப்பட்டவை. இதே கொலராடோவில், 1994 ஜூலை 6 அன்று, ஸ்டார்ம் கிங் மலையில் குளிர்காற்று முகப்பு வந்து காற்று சட்டென்று வலுத்தது, செங்குத்தான சரிவில் குட்டை ஓக் புதர் வழியே தீ மேலேறி 14 பேரைக் கொண்டுபோனது. காற்று மாறப்போகிறது என்ற முன்னறிவிப்பு அன்று இருந்தது, கோட்டில் வேலை செய்தவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. ஆகவே வானிலை என்ன என்று நீங்களே கேளுங்கள், காலை ஒருமுறை, மதியம் ஒருமுறை.

இங்கேதான் எல்-180 வருகிறது. பெரியவர்கள் சொன்னால் எதிர்க்கேள்வி கேட்காதே என்று வளர்ந்தவர்கள் நாம். இங்கே, கொடுத்த வேலை பாதுகாப்பில்லை என்று தோன்றினால் மறுக்க முறை உண்டு, அதே கையேட்டில் அச்சிட்டிருக்கிறது: ஏன் என்று காரணம் சொல்லி, முடிந்தால் வேறு வழி சொல்ல வேண்டும். பயமாக இருக்கிறது என்பதையும் சொல்லலாம். எனக்கு முதல்முறை "தப்பிக்கும் வழி தெரியவில்லை" என்று கேப்டனிடம் சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னதும் அவர் வேலையை நிறுத்தி, எல்லோரையும் கூப்பிட்டு, கையை நீட்டிக் காட்டினார். என்னைத் தவிர இன்னும் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கவில்லை.

8. வெளியூர்த் தீக்கு அனுப்பும்போது

இது முதல் வருடத்திலேயே நடக்கலாம். 14 நாள் வேலை, போகவர ஆகும் நாட்கள் தனி. அலுவலகத்தில் மேலாளரிடமும் வீட்டிலும் மே மாதத்திலேயே பேசிவிடுங்கள். அழைப்பு வந்த பிறகு பேச இரண்டு மணி நேரம்தான் இருக்கும்.

மூட்டை முடிச்சுக்கு எடை வரம்பு உண்டு: உள்ளே கம்பிச் சட்டகம் இல்லாத துணிப்பை ஒன்று 45 பவுண்டு, தீக்களப் பை 20 பவுண்டு. ரெட் கார்டு, ஓட்டுநர் உரிமம், ரிசோர்ஸ் ஆர்டர் எண் (உங்களை அந்தத் தீக்கு அனுப்பும் உத்தரவின் எண்), மருந்துகள் மேல் பையில் இருக்கட்டும். போனதும் செக்-இன் செய்யாமல் எங்கும் போகாதீர்கள். செக்-இன் செய்யாதவர் கணக்கில் இல்லை, சாப்பாடும் இல்லை, ஊதியமும் இல்லை. சைவம் என்றால் அங்கேயே சொல்லுங்கள், பெரிய முகாம்களில் சைவ மதியப் பொட்டலம் கிடைக்கும். முதல் நாளுக்கு மட்டும் கையில் இருக்கட்டும். நான் சத்துமாவும் வேர்க்கடலையும் கொண்டுபோவேன்.

காலை பிரீஃபிங்கில் அன்றைய திட்டப் புத்தகம் தருவார்கள். முழுவதும் படிக்க நேரமிருக்காது. 204 என்ற எண் போட்ட தாளில் உங்கள் டிவிஷனை, அதாவது தீயின் ஓரத்தில் உங்களுக்கு ஒதுக்கிய பகுதியை, தேடுங்கள்: மேற்பார்வையாளர் பெயர், வேலை, ரேடியோ சேனல்கள் அதில் இருக்கும். டிவிஷன்கள் தீ தொடங்கிய இடத்திலிருந்து கடிகாரச் சுற்றில் ஏ, பி என்று போகும், ஆகவே தொடங்கிய இடத்தில் தீயின் தலையை (தீ வேகமாக முன்னேறும் முனையை) பார்த்து நின்றால் இடது பக்கம் ஏ, வலது பக்கம் பெரும்பாலும் இசட். மருத்துவ உதவிப் பக்கத்தையும் மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு நாளும் வேலை நேரத் தாளில் உங்கள் மணிக்கணக்கு சரியாக ஏறியதா, பெயர் சரியாக இருக்கிறதா என்று அன்றே பாருங்கள். இரண்டு மணி வேலைக்கு ஒரு மணி ஓய்வு என்பது விதி, 16 மணி நேரத்தைத் தாண்டினால் எழுத்தில் காரணம் வேண்டும். காயம் சின்னதாக இருந்தாலும், கண்ணில் சாம்பல் விழுந்தாலும், முகாமை விட்டுக் கிளம்பும் முன் பதிவு செய்யுங்கள். வீட்டுக்கு வந்து சொன்னால் அந்தச் செலவை யார் தருவது என்று மாதக்கணக்கில் இழுக்கும்.

9. ஒவ்வொரு வருடமும்

கார்டு ஒரு வருடத்துக்குத்தான். ஆர்டி-130 என்கிற புத்தாக்க வகுப்பும் பேக் டெஸ்டும் வருடா வருடம் உண்டு, ஷெல்டர் பயிற்சி அந்த வகுப்பில்தான் மறுபடி வரும். காலாவதித் தேதியை நாட்காட்டியில் குறித்து, அதற்கு மூன்று மாதம் முன்பு மருத்துவரையும், இரண்டு மாதம் முன்பு அரிசி மூட்டையையும் குறித்துவிடுங்கள். அடுத்த நிலைக்குப் போக விரும்பினால் 'டாஸ்க் புக்' கேளுங்கள், ஒவ்வொரு வேலையையும் செய்து காட்டித் தகுதியுள்ளவரிடம் கையெழுத்து வாங்கும் புத்தகம் அது. தீ முடிந்து வண்டி கிளம்பும் முன்பே கையெழுத்து வாங்கிவிடுங்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் மறுநாள் வேறு மாநிலத்தில் இருப்பார்.